தணிக்கைத் தடை எண் பதினேழு

தணிக்கைக்கு ஆள் வந்த அன்று கச்சான் காற்று.
மண்டபம் அரசு மருத்துவமனையின் கணக்கறையில்
பேப்பர் வெயிட் போதாமல்
பழுதான பி.பி. கருவியை ஒரு கோப்பின்மேல் வைத்திருந்தேன்.

"இன்சுலின் பதினோரு குப்பி.
எந்தத் தலைப்பில் எழுதினீங்க, தங்கமாரி?"

சார்,
அவள் வந்ததே ஒரு தலைப்பில்தான்.
ஐந்தாம் திட்டில் இறக்கிவிட்டுப் படகு திரும்பியதும்
சேலைத் தலைப்பைக் கிழித்துப்
பிள்ளையை மார்போடு கட்டியிருக்கிறாள்.
ஓர் இரவு, ஒரு பகல்.
ஏற்றத்தில் முழங்கால்வரை தண்ணீர்.
இங்கே கொண்டுவந்தபோது
சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு.

இதை நான் சொல்லவில்லை.
வாயில் வந்தது:
"முன்னெல்லாம் இதரம்னு ஒரு கட்டம் இருந்துச்சு, சார்."

பழைய பேரேட்டின் கடைசிக் கட்டம்.
ராமேசுவரம் வந்த இடத்தில் பாம்பு கடித்த வடநாட்டுக்காரர்,
இறால் பண்ணை ஒடியாப் பையன்,
பெயர் சொல்வதற்குள் செத்துப்போன ஒருவர்,
முகாமில் இன்னும் எண் விழாதவர்கள்,
எல்லாரும் அதில் படுத்திருந்தார்கள்
வராந்தாவில் பாய் விரித்த மாதிரி.
பிறகு சீர்திருத்தம் வந்தது.
நல்லதுதான். என் மாமியாருக்குக் கண்புரை
காலணா இல்லாமல் எடுத்தார்கள்.
ஆனால் கணினி காப்பீட்டு எண் கேட்டது.
பட்டியலைக் கீழே கீழே இழுத்துப் பார்த்தேன்.
இதரம் இல்லை.

எண் இல்லாவிட்டால் ஊசி இல்லை.
அப்படியும் செய்து பார்த்தோம்.
மூன்றாம் நாள் மயக்கம். நூற்றெட்டு வண்டி.
பரமக்குடி தாண்டும்போது வாயில் நுரை.
மதுரையில் தீவிர சிகிச்சை, ஒன்பது நாள்,
ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
அதற்கு மட்டும் தலைப்பு இருந்தது: அவசரம்.
அந்தப் பக்கத்தில் அவர் பச்சை மையில் டிக் போட்டுக்
கடந்து போனார்.
திரும்பி வந்தவளுக்கு நானே எழுதிக் கொடுத்த
நூற்றெண்பது ரூபாய்க் குப்பிகளில்
பென்சில் நின்றுவிட்டது.

"இன்னொண்ணு. றெஜினா ஒருத்தர், ரெஜினா ஒருத்தர்.
ஒரே நாள், ஒரே மருந்து. ரெண்டு பதிவு?"

மன்னாரில் அப்படித்தான் எழுதுவார்கள், சார்.
வல்லினத்தில் வந்தவளை
நான்தான் அவசரத்தில் இடையினத்தில் தட்டிவிட்டேன்.
மருந்துக் கணக்கில் அவள் இப்போது இரண்டு பேர்.
உதவித்தொகைப் பட்டியலில்
ஒருத்திகூட இல்லை.

அவர் கெட்டவர் இல்லை. சேலத்துக்காரர்.
எங்கள் உப்புத் தண்ணீர் இறங்காமல்
கேன் வாங்கிவரச் சொன்னார், முப்பத்தைந்து ரூபாய்.
ரசீதை நீட்டினேன்.
"இதை எதுல எழுதுவீங்க?" என்று கேட்டு
அவரே சிரித்தார்.

செலவு என்றால் ஒருகாலத்தில் பயணம் என்று பொருளாம்.
வரவு என்றால் இன்றைக்கும் வருகைதான்.
இருபது வருடமாக
கடல் வழியே வருகிற வரவையெல்லாம்
செலவுப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
கூட்டல் ஒருமுறையும் பிசகியதில்லை.

மாலையில் பதில் தட்டச்சு செய்தேன்:
தடை எண் பதினேழில் கண்ட
மேற்படி இருவரும் ஒருவரே.
குழந்தை தனி.

கையெழுத்துக்கு நீட்டும்போது போன்.
மரைன் போலீஸ், அரிச்சல்முனையிலிருந்து.
காற்றில் பாதிதான் கேட்டது:
மூன்றாம் திட்டு. ஏழு பேர்.
அதில் ஒருத்தி நிறைமாதம்.

ரிசீவரைப் பொத்திக்கொண்டு திரும்பினேன்.
"ஏழுன்னு எழுதவா, எட்டுன்னு எழுதவா, சார்?"
அவர் பென்சிலின் முனையைப்
பார்த்துக்கொண்டிருந்தார்.